குண்டு, தோட்டா, தாவல்

"அப்பா, குண்டு உள்ளேயே மாட்டிக்கிட்டு. ஆனா ஒண்ணுமில்ல, பேடிக்காதீங்க. வீட்டுக்குப் போய் கூப்பிடுகேன்."

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாலரை மணிக்குத் திருவனந்தபுரம் கரமனையில் ஒரு கைபேசியில் வந்து விழுந்த குரல்செய்தி இது. கால்கரியில் அப்போது சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அனுப்பியவன் சுடுதளத்திலிருந்து வண்டியைக் கிளப்பியிருக்க வேண்டும். இடையில் கைபேசி அணைந்துவிட்டதோ, குளிரூட்டியில் வைத்த ஏதோவொன்றை வாங்கப் போனானோ, அடுத்த மூன்று மணி நேரம் அவன் அழைக்கவில்லை. அந்த மூன்று மணி நேரமும் அவனுடைய அப்பா முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனத்தில் ஓடிய காட்சி ஒன்றுதான்: மகனுடைய ரைபிளின் வயிற்றுக்குள் உயிருள்ள ஒரு தோட்டா சிக்கிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே வண்டியின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு அவன் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறான்.

ஏழு மணிக்கு அவருடைய தங்கை மகள் காரியவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தாள். மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். தொழிற்கூடங்களில் வழங்கும் தமிழ், மலையாளக் கலைச்சொற்கள்தாம் அவள் ஆய்வுப்பொருள். வாரத்துக்கு ஒருமுறை மாமா வீட்டுக்குச் சாப்பிட வருவது வழக்கம். அன்று அவர் அவளைச் சாப்பிடச் சொல்லவில்லை. கைபேசியை நீட்டி, "இவன் என்ன சொல்லுகான்னு நீயே கேளு மக்கா" என்றார்.

அவள் இரண்டுமுறை கேட்டாள். "மாமா, அத்தான் குண்டுன்னுதானே சொல்லுகாங்க. தோட்டான்னு சொல்லல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல. ஆனால் ஒன்று என்று அவர் எண்ணியதில் வியப்பும் இல்லை. தமிழ் நாளிதழ்களை ஒரு மாதம் தொடர்ந்து படிக்கும் எவரும் அப்படித்தான் எண்ணுவார்கள். 'துப்பாக்கியும் ஐந்து குண்டுகளும் பறிமுதல்' என்று ஒரு நாள் வரும். 'தோட்டா பாய்ந்து காயம்' என்று மறுநாள் வரும். பறிமுதலானவை பித்தளைக் கூட்டோடு கூடிய முழுத் தோட்டாக்கள். உடலில் பாய்ந்தது அதன் முனையில் இருந்த உலோகத் துண்டு மட்டும். சொற்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, குண்டு என்பது வெடிகுண்டையும் குறிக்கும், பருத்த மனிதரையும் குறிக்கும். தோட்டா இந்துஸ்தானி வழியாக வந்த சொல். பட்டாளத்தோடு வந்து பட்டாளத்தோடே பெரும்பாலும் தங்கிவிட்டது. வீட்டு வழக்கில் வேரூன்றவில்லை. மலையாளத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. அங்கே முழுத் தோட்டாவுக்குத் 'திர', பறந்து செல்வதற்கு 'உண்ட'. 'தோக்கும் திரகளும்' பிடிபட்டதாகத்தான் செய்தி வரும். உடலிலிருந்து எடுக்கப்படுவது 'வெடியுண்ட'. நாற்பது ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தும், வீட்டுக்குள் நாகர்கோவில் தமிழே பேசிய மனிதர் மலையாளத்தில் அந்தச் செய்தியைக் கேட்டிருந்தால் மூன்று மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருக்க நேர்ந்திராது.

ஏழரை மணிக்கு அவன் அழைத்தான். நடந்தது இதுதான்: கடைசித் தோட்டாவைச் சுடாமலே வெளியே எடுக்க முயன்றிருக்கிறான். போல்ட்டைப் பின்னிழுத்ததும் பித்தளைக் கூடு மட்டும் கையோடு வந்தது. குண்டு குழலின் தொடக்கத்தில் இறுகி நின்றுவிட்டது. கூட்டுக்குள் இருந்த வெடிமருந்துத் துகள்கள் கொட்டி இயக்கப்பகுதி முழுவதும் சிதறின. முனையிலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தட்டிக் குண்டை வெளியேற்றியாயிற்று. ஆபத்து எதுவும் இல்லை.

தந்தை பெருமூச்சு விட்டார். மருமகளுக்கு மட்டும் ஒரு நெருடல் இருந்தது. குண்டு ஏன் குழலில் இறுகியது? அது கூட்டின் கழுத்தில் அல்லவா இறுகியிருக்க வேண்டும்?

*

அந்த வீட்டின் முன்னறையில் ஒரு தட்டச்சுத் தாள்கட்டு கிடந்தது. மகன் தன்னுடைய தோட்டாக் குறிப்பேட்டை ஒளிப்படமெடுத்து அனுப்ப, அப்பா அதை அச்செடுத்து வைத்திருந்தார். கனடாவில் உரிமம் பெற்றவர்கள் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே கட்டிக்கொள்வது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படியல்ல, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே அந்த மனிதர் தம் வாழ்நாளில் ஒரு ரைபிள் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் வெடிமருந்து எப்படி எரியும் என்பது அவருக்குத் தெரியும். முப்பது ஆண்டுகள் தும்பாவில் திட எரிபொருளோடு வாழ்ந்தவர். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது அவர் நாகர்கோவிலில் தொடக்கப்பள்ளி மாணவர். பின்னாளில் அதே மகதலேனா மரியாள் தேவாலயக் கட்டடத்தைத் தினமும் கடந்து வேலைக்குப் போனார்.

மகன் தோட்டா கட்டத் தொடங்கியபோது அவருக்குப் பயத்தைவிட ஒருவகை மகிழ்ச்சியே அதிகமாக இருந்தது. பேச ஒரு பொருள் கிடைத்தது. சம்பளம், வீட்டுக்கடன், பனி என்று மூன்று நிமிடத்தில் முடிந்துபோன அழைப்புகள் முக்கால் மணி நேரமாக நீண்டன. எரியும் வேகம் அழுத்தத்தைக் கூட்டும், கூடிய அழுத்தம் எரியும் வேகத்தை மேலும் கூட்டும் என்ற விதியை அவர் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். வியே விதி என்று அதற்குப் பெயர். 1884இல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் பால் வியே. தும்பாவின் ராக்கெட்டுக்கும் கால்கரியின் ரைபிளுக்கும் பொதுவான ஒரே மூதாதை அவர்தான் என்று சொன்னாலும் தவறில்லை. அளவில்தான் வேறுபாடு. மகனுடைய ரைபிள் .308 வின்செஸ்டர் வகை. அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது முப்பது, முப்பத்தைந்து. அந்த அழுத்தம் நிலவுவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், சுடுபவரின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

குறிப்பேட்டில் மூன்று வாரங்களுக்கு முந்தைய ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது. மகன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அப்பா பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார்: 'ஆழத்தைக் குறைக்கிறான். நல்லது. உள்ளே இடம் கூடும், அழுத்தம் குறையும்.'

அந்தப் பென்சில் வரியில் இருந்தது தவறு. அதில் பாதி உண்மை என்பதுதான் இன்னும் மோசம்.

*

தோட்டாவைக் குடமாக எண்ணிக்கொள்வது எளிது. பித்தளைக் கூட்டுக்கு அடி உண்டு, வயிறு உண்டு, தோள் உண்டு, கழுத்து உண்டு, வாய் உண்டு. இந்தப் பெயர்களில் எதையும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. குயவர்கள் முன்பே ஆக்கி வைத்துவிட்டார்கள். குடத்துக்குள் வெடிமருந்து. குடத்தின் வாயில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, ஒரு மூடிபோலக் குண்டு. இந்த மூடியை எவ்வளவு உள்ளே இறக்குவது? தோட்டா கட்டுபவர்கள் மணிக்கணக்கில் பேசும் பொருள் இதுதான்.

இதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் 'உட்கார வைக்கும் ஆழம்' என்று பொருள்படும். தமிழில் அப்படியே எழுதினால் குண்டுக்கு நாற்காலி போட்டதுபோல ஆகும். பதித்தல் என்றால் பொற்கொல்லர் கல் பதிப்பது நினைவுக்கு வரும். அங்கே கல் அசையக் கூடாது, இங்கே குண்டு உரிய கணத்தில் விட்டுப் போக வேண்டும். தச்சர்களின் கழுந்தும் துளையும் கொஞ்சம் நெருங்கி வருகின்றன. கடைசியில் அவள் 'இறக்கம்' என்று எழுதிக்கொண்டாள். நிறைவான சொல் அன்று. ஆனால் அவளைத் தடுமாற வைத்தது இறக்கம் அல்ல. அடுத்து வந்த 'ஆழம்'தான்.

ஆழம் என்றால் எங்கிருந்து எதுவரை? கிணற்றின் ஆழத்தைத் தரையிலிருந்து நீர்வரை சொல்லலாம், தரையிலிருந்து அடிவரையும் சொல்லலாம். தோட்டாவிலும் அப்படித்தான். கூட்டின் வாயிலிருந்து குண்டின் அடிவரை உள்ள தூரம் ஓர் ஆழம். ஆனால் அதை யாரும் நேரடியாக அளப்பதில்லை. கூட்டின் அடியிலிருந்து குண்டின் மூக்குவரை மொத்த நீளத்தை அளக்கிறார்கள். ஆழம் கூடினால் நீளம் குறையும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். .308க்கு அந்த மொத்த நீளத்தின் வரம்பு 2.810 அங்குலம், அதாவது 71.37 மில்லிமீட்டர். எந்தத் தொழிற்சாலைத் தோட்டாவும் எந்த .308 ரைபிளிலும் நுழைய வேண்டும் என்பதற்கான வரம்பு அது. ஒரு குறிப்பிட்ட ரைபிளில் ஒரு குறிப்பிட்ட குண்டு எந்த நீளத்தில் ஒழுங்காகச் சுடும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மூக்குவரை அளப்பதிலும் ஒரு சிக்கல். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த குண்டுகளின் மூக்கு நுனி ஒன்றுபோல இராது. கரமனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் உயரத்தைக் குடுமியோடு சேர்த்து அளந்ததாக ஒரு கதை அந்த வீட்டில் உண்டு, அதுபோலத்தான். ஆகவே விவரமறிந்தவர்கள் மூக்கை விட்டுவிட்டு, குண்டின் வளைவு முழுப் பருமனை எட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வளையத்தை வைத்து அதுவரை அளப்பார்கள்.

ஏன் அந்த இடம்? குழலுக்குள் குண்டு முதலில் தொடும் இடம் அதுதான்.

*

மறுநாள் அவள் வட்டியூர்க்காவு சுடுதளத்துக்குப் போனாள். 2015ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக ஆயத்தப்படுத்தப்பட்ட தளம். அவளுடன் படித்த ஒருத்தி அங்கே பயிற்சி பெறுகிறாள். கேள்வியைக் கேட்டதும் தோழி சிரித்தாள். அங்கே ஐம்பது மீட்டரில் பயன்படுவது .22 விளிம்புவெடித் தோட்டா. தொழிற்சாலையிலேயே குண்டைக் கூட்டோடு இறுக்கிவிடுவார்கள். யாரும் இறக்கத்தைத் தொட முடியாது, கூட்டை மறுபடி நிரப்பவும் முடியாது. ஐம்பது மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அதில் விழ வேண்டுமானால் அவர்களால் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஆனால் வெவ்வேறு தொகுதி எண் கொண்ட பெட்டிகளைத் தம் ரைபிளில் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகும் தொகுதியை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வது. வசதியுள்ளவர்கள் இதற்காகவே ரைபிளைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கும் ஜெர்மனியின் ஷோனபெக்குக்கும் போய்வருகிறார்கள். தயாரிப்பாளர்களின் சோதனைக்கூடங்கள் அங்கே உள்ளன. இறக்கத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள் பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அவளுக்கு அன்று கிடைத்த பெரும்பேறு வேறு. பயிற்சியாளர் ஒருவர் பழைய குழலொன்றின் வெட்டுத் துண்டை மேசைமேல் காகிதக்கனமாக வைத்திருந்தார். நீளவாட்டில் அறுத்த குழல். உள்ளே மேடும் பள்ளமுமாக வரிகள் திருகித் திருகிப் போயின. அந்த மேடுகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை 'நிலம்' என்றே மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். உழவிலிருந்து போன சொல் அது. இரண்டு உழவுசாலுக்கு நடுவில் எஞ்சி நிற்கும் மண். வட்டியூர்க்காவில் அந்த எஃகுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நாஞ்சில்நாட்டுக்காரி ஒருத்திக்கு வரப்பு என்ற சொல் தோன்றாமல் இருக்குமா? மேடு வரப்பு; பள்ளம் வாய்க்கால். வரப்பு தொடங்குவதற்கு முன்னால் வரியில்லாமல் வழுவழுப்பாக ஒரு சிறு பகுதி இருந்தது. அதன் பெயரைக் கேட்டாள். "த்ரோட்டு" என்றார் பயிற்சியாளர். தொண்டை.

திரும்பும் பேருந்தில் அவள் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தாள். தோட்டா அறைக்குள் கிடக்கிறது. குண்டின் தோள் ஓரிடத்தில். வரப்பின் தொடக்கம் அதற்குச் சற்று முன்னே. இரண்டுக்கும் இடையே ஒரு வெற்றிடம். சுடும்போது குண்டு கூட்டின் வாயை விட்டுக் கிளம்பி, இந்த வெற்றிடத்தைத் தாண்டி, வரப்பில் போய் மோதி, அதில் தன் உடலைக் கீறிக்கொண்டு சுழலத் தொடங்குகிறது. இடைவெளிக்குத் 'தாவல்' என்று எழுதினாள்.

இப்போது மூன்று அளவுகள் இருந்தன: இறக்கம், நீளம், தாவல். ஒரே குண்டு, ஒரே கூடு, ஒரே ரைபிள் என்று இருக்கும்வரை இவற்றில் ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் தாமே வந்துவிடும். அதனால்தான் மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டார்கள். குண்டை மாற்றினால் அந்த உறவு அறுந்துபோகும். நீண்ட மூக்குள்ள குண்டை அதே மொத்த நீளத்துக்குக் கட்டினால் அதன் அடி கூட்டுக்குள் இன்னும் ஆழத்தில் போய் நிற்கும், தாவலும் வேறாகும். 'நீளத்தை மாற்றவில்லை' என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

குறிப்பேட்டின்படி, அத்தான் ஐந்து வாரங்களுக்கு முன்பு குண்டை மாற்றியிருந்தான்.

*

அன்றிரவு மாமாவின் முன்னால் அந்தப் படத்தை வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மாமா, ஆழத்தைக் குறைச்சா அழுத்தம் குறையும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. உள்ளே காலியிடம் கூடுமில்லா. வாயு விரிய இடம் கிடைக்கும்."

"குண்டை வெளியே இழுத்துக்கிட்டே போனா அது எங்கே போய் நிக்கும்?"

அவர் விரல் படத்தில் குண்டோடு நகர்ந்து வரப்பைத் தொட்டு நின்றது.

"இந்த வழுவழுப்பான இடத்துக்கு என்ன பேரு தெரியுமா மாமா? த்ரோட்டு."

அதற்குமேல் அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ராக்கெட் மோட்டாரின் கூம்புவாய் குறுகும் இடத்துக்கும் அதே பெயர்தான். முப்பது ஆண்டுகள் அவர் வாயில் புழங்கிய சொல். வாயு அந்தத் தொண்டை வழியே எவ்வளவு தடையின்றிப் போகிறதோ அதைப் பொறுத்ததுதான் உள்ளே இருக்கும் அழுத்தம். தொண்டையை அடைத்தால் என்ன ஆகும் என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம். ராக்கெட்டில் தொண்டை எப்போதும் திறந்திருக்கிறது. ரைபிளில் தொண்டையை அடைத்துக்கொண்டு நிற்பதே குண்டு. அது நகர்ந்தால்தான் வாயுவுக்கு இடம்.

தாவல் இருக்கும்போது, மருந்து பற்றிய தொடக்கத்திலேயே, அழுத்தம் குறைவாக இருக்கையில், குண்டு கிளம்பிவிடுகிறது. ஓட்டத்தோடு போய் வரப்பில் நுழைகிறது. தாவலே இல்லாமல் வரப்பில் அழுந்தி நிற்கும் குண்டு, நின்ற இடத்திலிருந்தே தன்னைக் கீறிக்கொண்டு நகர வேண்டும். அது நகரத் தயங்கும் அந்தச் சிறு நேரத்தில் மருந்து எரிந்துகொண்டே இருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, ஏறிய அழுத்தத்தில் மருந்து இன்னும் வேகமாக எரிகிறது. வியேயின் விதி யாருடைய மகன் என்று பார்ப்பதில்லை. மிக ஆழமாக இறக்கினாலும் அழுத்தம் ஏறும், மாமா நினைத்த காரணத்தால்: உள்ளே இடம் குறைகிறது. ஆக, இரண்டு கோடியிலும் ஏற்றம், நடுவில் இறக்கம். மாமாவின் பென்சில் வரி ஒரு கோடியை மட்டும் அறிந்திருந்தது.

ஆகவே வரப்பைத் தொடும்படி கட்டுபவர்கள் மருந்தைக் குறைத்துக்கொண்டு தொடங்கிப் படிப்படியாக மேலே வருவார்கள். கால்கரியில் அது நடக்கவில்லை. தாவல் இருந்தபோது தேர்ந்தெடுத்த மருந்தளவை, அதுவும் உச்சத்துக்கு அருகிலிருந்த அளவை, அப்படியே வைத்துக்கொண்டு குண்டை மட்டும் வெளியே இழுத்திருந்தான். அப்பா 'நல்லது' என்று சொன்ன பிறகு. சுடாத தோட்டாவை எடுக்கும்போது குண்டு வரப்பிலேயே தங்கிவிட்டதற்கும் அதுவே காரணம். கடைசிப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன; அவற்றுக்குப் பக்கத்தில் பென்சில் எதையும் எழுதியிருக்கவில்லை. போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கக் கடினமாக இருக்கிறது. தீமூட்டியின் முகம் தட்டையாகியிருக்கிறது. இரண்டும் அழுத்தம் மிகுந்ததன் அடையாளங்கள்.

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் மக்கா சொன்னேன். செரின்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

*

அழைப்பு நீண்டது. மகன் முதலில் வாதாடினான். வரப்பைத் தொட்ட தோட்டாக்கள்தாம் அவனுக்கு மிகச் சிறிய வட்டத்தில் விழுந்திருந்தன. பத்துப் பத்துத் தௌ இடைவெளியில் எட்டு அளவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா. எட்டில் மிகச் சிறந்தது அது. (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தௌ என்று சொல்லும் பட்டறை வழக்கு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது, குடும்பச் சொத்தில் சேதமில்லாமல் கைமாறியது அது ஒன்றுதான் போலும்.) ஆதாரம் கையில் இருக்கிறது, இலக்குத் தாளில் துளைகளாக இருக்கிறது என்றான்.

மாமா வெடிமருந்தில் தோற்ற இடத்தில் மருமகள் எண்ணிக்கையில் நின்றாள். மூன்று தோட்டா வட்டத்தின் அகலம் இயல்பாகவே தன் சராசரியில் ஏறத்தாழ முப்பத்தேழு விழுக்காடு அளவுக்கு ஏறி இறங்கும். ஐந்து தோட்டாவில் அது இருபத்தேழாகும். பத்தில் இருபதுக்குச் சற்றுக் கீழே. எதையுமே மாற்றாமல், ஒரே வகைத் தோட்டாவை மும்மூன்றாக எட்டு முறை சுட்டாலே, எட்டில் சிறந்த வட்டம் சராசரியில் ஏறத்தாழ பாதியாக இருக்கும். அவள் கணினியில் அதைப் பலமுறை ஓட்டிக் காட்டினாள். எட்டு அளவுகளுக்கும் ஒரே பரவலைக் கொடுத்திருந்தாள். வேறுபாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஏதோவொன்று தெளிவாக வென்றது. முதல் முறை மூன்றாம் அளவு, அடுத்த முறை ஏழாம் அளவு, பிறகு முதலாவது.

"அப்போ இறக்கத்தால ஒரு வித்தியாசமும் இல்லையா?" என்று கேட்டான் அவன். அப்படியும் இல்லை. குறிப்பாக, நீண்டு கூர்ந்த மூக்குள்ள குண்டுகள் தாவலின் அளவுக்கு மிகவும் கூச்சப்படுபவை. ஏன் அப்படி என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. குண்டு வரப்பில் நேராக நுழைவதைப் பொறுத்தது என்பார் சிலர், குழலின் அதிர்வோடு பொருந்தும் நேரத்தைப் பொறுத்தது என்பார் சிலர். அத்தகைய குண்டுகளுக்குப் பேர் பெற்ற பெர்கர் நிறுவனம், பத்துப் பத்துத் தௌவாகத் தடவிக்கொண்டு போக வேண்டாம் என்கிறது. இலக்குச் சுடுநர்களுக்கு அது சொல்லும் தொடக்கம்: வரப்புக்குள் 10 தௌ, பிறகு வரப்பிலிருந்து 40, 80, 120 தௌ விலகி, நான்கே அளவுகள், ஒவ்வொன்றிலும் ஆறு தோட்டா. மகன் செலவழித்ததும் இருபத்து நான்கு தோட்டாதான். அதே இருபத்து நான்கு. ஆனால் வேறு கேள்வி.

அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் குரல் சற்றுத் தளர்ந்ததை மாமா கவனித்தார். அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓர் ஒலிமாற்றத்துக்கு மூன்று பேச்சாளர்களின் பதிவுகள்தாம் சான்றாக இருந்தன. வேணாட்டின் கிழக்கு எல்லையில் அப்படியொரு மாற்றம் நிகழ்வதாக அவள் எட்டு ஊர்களைச் சுற்றிவிட்டு எழுதியிருந்தாள். எட்டில் ஓர் ஊரில் அது மிகத் தெளிவாகக் கேட்டது.

அவன் கடைசியில் ஒப்புக்கொண்டது புள்ளியியலுக்காக அல்ல. அப்பா இடைமறித்து, "லே, நான் சொன்னது தப்பு. ராக்கெட்ட வச்சு சொல்லிட்டேன். அந்தத் தொண்டை எனக்கு மனசிலாகல்ல" என்றார். வாழ்நாளில் அவர் அவனிடம் தப்பு என்று சொன்னது அதுவே முதல்முறை. மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு, கட்டி வைத்திருந்த மீதித் தோட்டாக்கள் நாற்பதையும் பிரித்துவிடுவதாகச் சொன்னான். அதற்கென ஒரு சுத்தியல் உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் திருகி வைத்துக் கட்டையில் ஓங்கித் தட்டினால், கூடு நிற்கக் குண்டும் மருந்தும் கழன்று விழும். நாற்பது முறை தட்ட வேண்டும்.

மருந்தளவைக் குறைத்து, வரப்பிலிருந்து விலகி, முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று. எந்த அளவைப் பற்றிப் பேசினாலும் மூன்று சொற்களில் எது என்று சொல்லிவிட்டே பேசுவது என்றும். அவள் வரைந்த படத்தை ஒளிப்படமெடுத்து அனுப்பினார்கள். இறக்கம், நீளம், தாவல் என்ற மூன்றையும் அவன் தன் தோட்டா மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருப்பதாகப் பிறகு ஒரு படம் வந்தது. அதில் வரப்பு என்ற சொல்லின் ரகரம் பிழையாக எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தமிழ் எழுதாதவன். அவள் திருத்தவில்லை.

மூன்றாம் இயல் இன்னும் மேற்பார்வையாளர் கைக்குப் போகவில்லை. களக்காடு பக்கமும் செங்கோட்டைப் பக்கமும் மறுபடி போய்வர வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஆறு பேராவது வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கரமனைக்குப் போனபோது மாமா கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நாப்பதா? எதிலேருந்து நாப்பது?"

"வரப்பிலேருந்து, அப்பா. தாவல் நாப்பது தௌ."

"கைப்பிடி?"

"லேசா தூக்க முடியுகு."

"செரி," என்றார். "இனி எம்பதச் சொல்லு."